கிணற்றுக்குள் டேப் விடுவதிலிருந்து தொடங்கலாம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலத்தடி நீர்

நிலத்தடி நீரை ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் தொடங்க வேண்டிய மாதம் ஜூன். பள்ளி திறக்கும்போது கோடை முடிந்து கிணறுகள் அடிமட்டத்தில் கிடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நவம்பர், டிசம்பரில் நீர்மட்டம் ஏறும். பொங்கல் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, முழுப்பரீட்சை முடியும்வரை இறங்கிக்கொண்டே போகும். ஒரு கல்வியாண்டுக்குள் ஒரு கிணற்றின் ஏற்றமும் இறக்கமும் முழுசாக அடங்கிவிடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று தொடங்கினால், இறக்கத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் லீவுக்குப் போய்விடுவார்கள்.

இங்கே எழுதுவது கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துக் கடினப்பாறை ஊர்களையும் அவற்றை ஒட்டிய மலையடிவாரங்களையும் மனதில் வைத்து. 6 முதல் 9 வகுப்பு வரை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப்பட்ட பாறை நிலம்தான். டெல்டாவுக்கும் கடற்கரைக்கும் இது அப்படியே பொருந்தாது. அங்கே மணலும் வண்டலும், கடல் உப்பும் வேறு கதை.

முதல் வகுப்பில் எதையும் விளக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "நம்ம ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பூமியை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும்?" என்று வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பாதிப் பேர் அடியில் ஓடும் ஆற்றை வரைவார்கள். சிலர் பெரிய தொட்டி, சிலர் கடலிலிருந்து வரும் குழாய். திருத்தாமல் தேதி போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஏப்ரலில் இதே கேள்விக்கு மறுபடி வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பாடம் உள்ளே இறங்கியதா என்று தெரிந்துவிடும். அதற்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

பாறைக்கு ஒரு மாதிரிப் பெட்டி

பாடநூல்களிலும் வீடியோக்களிலும் வரும் மாதிரி பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணாடித் தொட்டி, அடியில் கூழாங்கல், மேலே மணல், ஊற்றினால் அடியில் தண்ணீர் சேரும். அது ஆற்றுப்படுகைக்குச் சரி. நம் ஊரில் அப்படி இல்லை. மேலே செம்மண், அதற்குக் கீழே சரளையும் சிதைந்த பாறையும் சில மீட்டர், அதற்கும் கீழே கட்டிப் பாறை. அந்தப் பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர். மணல் மாதிரியைக் காட்டினால், எங்கே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டாலும் தண்ணீர் வரும் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

வேண்டியவை: பத்து லிட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி, கைப்பிடி அளவுக் கருங்கல் சில்லு ஆறேழு கிலோ, பானை செய்யும் களிமண் இரண்டு கிலோ, சரளை இரண்டு கிலோ, நன்றாகக் கழுவிய எம்-சாண்ட் இரண்டு கிலோ, கைகழுவும் சோப்புக் குப்பியின் பம்பு இரண்டு, விரல் பருமனுக்குச் சணல் கயிறு ஒரு முழம், கொசுவலைத் துண்டு, நூல். பெட்டி நிரம்பியபின் தூக்கினால் பக்கவாட்டில் பிதுங்கி விரிசல் விடும். அதனால் காட்டப்போகும் மேசை மீதே வைத்து அடுக்குங்கள்.

கல்லை அடுக்கும்போதே இடைவெளியெல்லாம் களிமண்ணை அழுத்தி அடைத்துக்கொண்டு வர வேண்டும். அடைக்கும்போது சணல் கயிற்றைப் பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை சாய்வாகக் கிடத்தி, மேல் முனையை வெளியே விட்டுவிடுங்கள். அடைத்து முடித்ததும் கயிற்றை மெதுவாக உருவினால் பாறையில் ஒரு வெடிப்பு தயார். ஒரு பம்பின் குழாய் அந்த வெடிப்பின் கீழ்முனையைத் தொட வேண்டும்; இன்னொன்று நாலு விரல் தள்ளிக் களிமண்ணுக்குள் நிற்க வேண்டும். குழாய் வாயில் கொசுவலையைச் சுற்றிக் கட்டாவிட்டால் இரண்டாம் அழுத்தலிலேயே மண் அடைத்துக்கொள்ளும். வெடிப்பின் வாய் மூடாமல் அதன் மேல் சரளை இரண்டு விரல் கனம், பிறகு எம்-சாண்ட் இரண்டு விரல் கனம்.

மூடியில் ஊசியால் துளை போட்ட குப்பியால் அரை லிட்டர், அரை லிட்டராக மழை பெய்யவிடுங்கள். ஒரு பம்பு தண்ணீர் தரும், மற்றது காற்றைத்தான் தரும். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு இஞ்ச் தண்ணீர், நம் தோட்டத்தில் புழுதி மட்டும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பிறகு மேற்பரப்பில் பாதியைப் பாலிதீன் தாளால் மூடி மறுபடி ஊற்றுங்கள். சிமென்ட் ரோடும் தளம் போட்ட வாசலும் என்ன செய்கின்றன என்று தெரியும்.

கழிவுநீர் எப்படிக் கிணற்றுக்குப் போகிறது என்று காட்ட எல்லோரும் சாயம் கலப்பார்கள். செம்மண்ணும் களிமண்ணும் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே வருவது தெளிந்த தண்ணீராக இருக்கும். 'மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்' என்ற தப்பான முடிவோடு வகுப்பு முடியும். சாயத்துக்குப் பதில் உப்பு வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப்பை மண்ணில் வெடிப்பின் மேல்முனைக்கு அருகே புதைத்து, கால் லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து அதில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுமுனைப் பம்பிலிருந்து எடுத்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்தால், ஊற்றுவதற்கு முன் இருந்த எண்ணுக்கும் இப்போது இருக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் போதும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெடிப்புப் பாறையில் அந்தத் தூரம் மட்டும் காப்பாற்றாது என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும்.

இதே நாளில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் மக்கு நிறைய முக்கால் இஞ்ச் ஜல்லியைப் போட்டு, விளிம்பு வரை எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 400 மில்லிக்குக் குறையாமல் பிடிக்கும். நம் ஊர்ச் சிதைந்த பாறையோ, அதன் கனஅளவில் சுமார் 2 சதவீதம் தண்ணீரைத்தான் கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும். ஆக ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் வெளியே வந்திருப்பது சுமார் 81,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு ஏழு நடைகூட வராது. திருப்பிப் போட்டால், ஆண்டுக்கு 700 மி.மீ. மழை பெய்து அதில் 8 சதவீதம் உள்ளே இறங்கினால் அது 56 மி.மீ. தண்ணீர், நீர்மட்டத்தை 2.8 மீட்டர் உயர்த்தும். பாறை நிலத்துக் கிணறு ஒரு நல்ல மழைக்குச் சட்டென்று ஏறுவதும், மோட்டார் ஓடத் தொடங்கினால் சட்டென்று இறங்குவதும் இதனால்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வரும். வராது என்று நினைத்துப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

கிணற்றை அளப்பது

ஒரு திட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாம் இதற்குத் துணை.

இரண்டு கிணறு போதும், மூன்று இருந்தால் நல்லது. கைப்பிடிச் சுவர் உள்ள கிணறு மட்டும். தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும் கிணற்றுப் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. ஊருக்குள் ஒன்றும் காலனியில் ஒன்றுமாக எடுங்கள். எந்தக் கிணற்றுக்கு எந்தப் பிள்ளை போகலாம் என்ற பேச்சு பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அளக்கும் குழுவை முதல் நாளே கலந்து போட்டு, கிணற்றுக்காரரிடம் ஆசிரியரே நேரில் போய், "இந்த ஆறு பிள்ளைகளும் வருவார்கள்" என்று பேர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். மறுத்தால் வேறு கிணறு பாருங்கள். சம்மதம் வாங்காமல் பிள்ளைகளை அனுப்பி, வாசலில் அவமானப்பட விடுவது பெரிய தவறு.

டேப்: 30 மீட்டர் கண்ணாடியிழை டேப். இரும்பு டேப் துருப்பிடிக்கும், துணி டேப் நனைந்து நீளும். முனையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்த நிலையில் கட்டுங்கள். டம்ளரின் வாய் தண்ணீரைத் தொடும்போது 'ளொப்' என்று சத்தம் வரும். தூக்கித் தூக்கி இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்து, சத்தம் வரும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். டேப்பின் பூஜ்யத்துக்கும் டம்ளர் வாய்க்கும் இடையே உள்ள நீளத்தை முன்பே அளந்து, ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் இதை மறந்து, ஆண்டு முழுக்க 12 செ.மீ. குறைவாக எழுதுவார்கள். எப்போதும் ஒரே அளவு பிசகுவதால் வரைபடத்தின் வடிவம் கெடாது; ஆனால் நடுவில் யாராவது டம்ளரை மாற்றிக் கட்டினால் கெட்டுவிடும்.

கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறி. எப்போதும் அங்கிருந்துதான் டேப் இறங்க வேண்டும். சுவரின் உயரத்தைக் கழித்தால் தரைமட்டத்திலிருந்து ஆழம் கிடைக்கும். மாதம் 1, 15 தேதிகளில், காலை ஏழு மணிக்குள். இரவு மோட்டார் ஓடாமல் இருந்து கிணறு ஊறியிருக்க வேண்டும் என்பதுதான் காரணம். மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் ஓடும் ஊரில் காலை பத்து மணி அளவு, நீர்மட்டத்தைச் சொல்லாது; மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் சொல்லும். அதனால் நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, நேரம், டேப் அளவு, மோட்டார் கடைசியாக ஓடி எத்தனை மணி நேரம் ஆனது, அளந்தவர் இருவர் பெயர். ஒருவர் படித்தபின் இன்னொருவர் பார்க்காமல் தனியாகப் படிக்க வேண்டும். இரண்டு அளவும் இரண்டு செ.மீ.க்குள் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் மறுபடி.

பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். சுவரருகே ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் மட்டும், மற்றவர்கள் மூன்று மீட்டர் தள்ளி. சுவர் மீது ஏறுவதும் குனிந்து எட்டிப்பார்ப்பதும் கிடையாது. போர் குழாய்க்குள் டேப் விட வேண்டாம். கேபிளிலும் டெலிவரி குழாயிலும் சிக்கினால் எடுக்க முடியாது, மோட்டாரையே தூக்க வேண்டி வரும், செலவு உங்கள் தலையில் விழும். ஆனால் ஊரில் மூடாமல் கிடக்கும் செத்த போர்களைப் பட்டியல் எடுக்கலாம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது அப்படி ஒரு குழியில்தான். பிள்ளைகள் கிட்டே போகாமல் தூரத்திலிருந்து இடத்தைக் குறித்தால் போதும். கிட்டே போய்ப் பார்ப்பது பெரியவர் வேலை. பட்டியல் எழுத்து மூலம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

வரைபடம் போடும்போது ஒரு தடுமாற்றம் வரும். ஆழம் கூடினால் கோடு மேலே ஏறுகிறது. தண்ணீர் கூடியதாகப் பிள்ளைகள் படிப்பார்கள். பூஜ்யத்தைத் தாளின் மேல் விளிம்பில் வைத்துக் கீழ்நோக்கி எண்ணுங்கள். தாளின் மேல் விளிம்பே தரை. அதே தாளில் கீழே மழையைக் கட்டங்களாகப் போட்டால், மழைக்கும் ஏற்றத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஒரு கிணறு மழைக்கு அடுத்த அளவிலேயே ஏறியிருக்கும், இன்னொன்று அதற்கும் அடுத்த அளவில்தான் ஏறும். பக்கத்தில் குட்டையோ தடுப்பணையோ உண்டா, மண் எப்படி, ஏன் இப்படி என்று அப்போது கேட்கத் தொடங்குவார்கள்.

மழைமானியும் கூரையும்

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்த மழைமானி போதும். ஆனால் அடிப்பாகம் வளைந்திருப்பதால் முதல் சில மில்லிமீட்டர் தப்பாகும். கூழாங்கல் போட்டு அதன் மேல் சிமென்ட் பால் ஊற்றிச் சமதளம் ஆக்கி, அங்கிருந்து ஸ்கேல் ஒட்டுங்கள். பக்கவாட்டு நேராக உள்ள பாட்டில்தான் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் கூடாது. கட்டடம், மரம் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறை படிக்கும் காலை 8.30 தான் நமக்கும். சனி, ஞாயிறு யாரும் வராத பள்ளியில் திங்கள் காலை மூன்று நாள் மழையைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலக் கூரையில் 50 மி.மீ. மழை விழுந்தால் 6,000 லிட்டர். சிதறல், ஆவி போக 4,800 கிடைக்கும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பள்ளியிலும் ஒரு குழி இருக்கும். அதன் மூடியைத் திறந்து பாருங்கள். கூரைக் குழாய் குழிக்கு வருகிறதா, பாதியில் உடைந்து சுவரோரம் கொட்டுகிறதா? குழியில் ஜல்லி தெரிகிறதா, வண்டலும் பிஸ்கட் காகிதமுமா? 20 லிட்டர் வாளியை ஊற்றி எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்று கடிகாரம் பிடியுங்கள். அரை மணி கழித்தும் தேங்கி நின்றால் மேல் அடுக்கு ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். அந்த வேலை பெரியவர்களோடு சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் முடியும். முதல் மழையின் ஒன்றிரண்டு மி.மீ. தண்ணீரை (இந்தக் கூரைக்கு 120 முதல் 240 லிட்டர்) வெளியே விட்டுவிட்டுத்தான் குழிக்குத் திருப்ப வேண்டும். கூரைத் தண்ணீரை நேரே போருக்குள் விடுவது பறவை எச்சத்தை நேரே குடிநீருக்குள் விடுவதுதான்.

ஓடை, ஊற்று

கொங்குப் பக்கம் பள்ளம் என்பார்கள், மற்ற இடத்தில் ஓடை. மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போனால் ஓடும் தண்ணீர் இருக்கும், வேகம் குறைந்திருக்கும். மலையடிவாரத்தில் ஒரு விதி உண்டு: மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தால் இங்கே வெயில் அடித்தாலும் ஓடையில் இறங்கக் கூடாது. எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், எல்லோர் காலிலும் மூடிய செருப்பு. காலில் புண் உள்ளவர் கரையில் நின்று எழுதட்டும். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரிலிருந்து புண் வழியாக வரலாம்.

எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்க ஒரு எலுமிச்சம்பழம் போதும். பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று அடித்துத் தள்ளாது. நேராக ஓடும் பத்து மீட்டரைக் கயிறு கட்டிக் குறித்து, பழத்தை விட்டு நேரம் பாருங்கள். அகலம் 1.2 மீட்டர், சராசரி ஆழம் 15 செ.மீ., பத்து மீட்டருக்கு 40 நொடி என்று வையுங்கள். வேகம் நொடிக்கு 0.25 மீட்டர், அடித்தரை உராய்வுக்காக 0.8 ஆல் பெருக்கினால் 0.2. அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 36 லிட்டர். ஆழத்தை நடுவில் மட்டும் அளந்தால் விடை இரட்டிப்பாகக்கூட ஆகிவிடலாம். குறுக்கே ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

கொல்லிமலை, ஏற்காடு, நீலகிரிப் பள்ளிகளுக்கு ஊற்றே கிடைக்கும். அதற்கு வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். பத்து லிட்டர் வாளி நிறைய 50 நொடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் கணக்குப்படி 314 பேருக்குக் காணும். ஏப்ரலில் அதே வாளி நிறைய நான்கு நிமிடம் எடுத்தால் எத்தனை பேருக்கு என்று அவர்களே போடட்டும். ஊற்றுக்கு மேலே, மழை இறங்கும் சரிவில் ஏறிப் பார்ப்பதுதான் அடுத்த பாடம்: மாட்டுக்கொட்டகை, கழிப்பறை, உரம் கொட்டும் தோட்டம், தைலமரம், புதிதாக வெட்டிய ரோடு எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஊற்றைச் 'சரிசெய்ய' வரும் பெரியவர்கள் செய்யும் பெரிய கெடுதல், ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சிமென்ட் தொட்டி கட்டித் தண்ணீரை அதன் இயல்பான மட்டத்துக்கு மேல் தேக்குவது. தேங்கிய தண்ணீரின் அழுத்தத்தில் ஊற்று வேறு வெடிப்பு வழியே திரும்பிவிடும், தொட்டி காய்ந்துவிடும். வெளிக்குழாய் எப்போதும் ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

டீ வடிகட்டியும் வெள்ளைத் தட்டும் கொண்டு போனால் கல்லுக்கு அடியில் உள்ள பூச்சிகளையும் பார்க்கலாம். மூன்று வால் இழையோடு தட்டையாகக் கல்லில் ஒட்டி ஓடும் பூச்சி இருந்தால் தண்ணீரில் காற்று நன்றாக இருக்கிறது. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் சாக்கடை கலக்கிறது. பார்த்துவிட்டுப் பூச்சிகளைத் திரும்ப ஓடையிலேயே விடச் சொல்லுங்கள்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

டிடிஎஸ் மீட்டர் வந்தபின் ஒரு புதுத் தொல்லை. எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, ஊரே நம்புகிறது. அதை உடைக்க ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் உப்பைப் போட்டால் மீட்டர் ஏறக்குறைய ஆயிரம் கூடும். இன்னொரு லிட்டரில் நான்கு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து வைத்தால் மீட்டர் அசையாது. மின்சாரம் கடத்தும் உப்பை மட்டும்தான் அது பார்க்கிறது; சர்க்கரையைப் பார்க்காத மீட்டர் கிருமியையும் பூச்சிமருந்தையும் எப்படிப் பார்க்கும்? இதற்குப் பிறகு குட்டைத் தண்ணீரை அளந்து 150 என்று வந்தால் யாரும் குடிக்கலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தியக் குடிநீர்த் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்புடையது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. நைட்ரேட் 45, அதற்கு விலக்கு இல்லை. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. ஈ-கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டை நிறத்தால் காட்டும் சோதனைப் பட்டையை வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள்: சில பட்டைகள் நைட்ரேட்டைச் சொல்லும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். நைட்ரஜன் 10 என்றால் நைட்ரேட் ஏறக்குறைய 45. இதைக் கவனிக்காமல் கெட்ட கிணற்றுக்கு நற்சான்றிதழ் கொடுத்த நோட்டுகள் நிறைய உண்டு. பட்டையைப் படிக்கும் நேரமும் டப்பாவில் போட்டிருக்கும். அது கடந்தால் நிறம் தானாகவே கருத்துக்கொண்டு போகும்.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டில். குறி வரை தண்ணீர் நிரப்பி நிழலில் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கருப்பாவது மலக்கழிவு கலந்ததற்கு அறிகுறி. கருத்த பாட்டிலைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. ஆசிரியர் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கொட்ட வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் வெளியே சொல்ல வேண்டாம். கிணற்றுக்காரரிடம் முதலில், தனியாக. வகுப்புச் சுவரில் பேரோடு ஒட்டினால் அடுத்த மாதம் அந்தக் கிணற்றில் டேப் விட முடியாது. அதே மாதிரி, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃபுளோரைடு பாடம் எடுக்கும்போது, அதனால் பல்லில் கறை உள்ள பிள்ளையை எழுப்பி நிறுத்திக் காட்டாதீர்கள். படம் இருக்கிறது, அது போதும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு என்பது நல்ல வீட்டுக்கணக்கு. 4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 37,700 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 94 கிராம். கணக்கு பிள்ளைகளுடையது, போடுவது பெரியவர். வாளியில் கூழாக்கித் தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பிரித்துவைத்த பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும்.

குழாயை மூடினால் போதுமா?

சொட்டும் குழாய் ஒரு நாளைக்கு எத்தனையோ வாளி தண்ணீரை வீணாக்கும் என்று சுவரில் எழுதியிருப்பார்கள். அளக்கச் சொல்லுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்றால் நாளைக்கு 4.3 லிட்டர். குழாயைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு முறை தண்ணீர் பாய்ச்சினால் அது 2 லட்சம் லிட்டர். நிலத்தடி நீரில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் போவது பாசனத்துக்கு. இதை மறைத்துவிட்டுப் பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்வது அரைப் பாடம். அதற்காகப் பிள்ளையை அப்பாவுக்கு எதிராகக் கிளப்பிவிடவும் கூடாது. "உங்கள் தோட்டத்தில் என்ன பயிர், எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர், சொட்டுநீரா வாய்க்காலா?" என்று கேட்டு எழுதிவரச் சொன்னால் போதும். வாழையும் மஞ்சளும் எவ்வளவு குடிக்கின்றன, சோளம் எவ்வளவு என்பது பட்டியலில் தானே தெரியும்.

போர் பட்டியலும் போடலாம்: எந்த ஆண்டு, எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர், எத்தனை இஞ்ச், இப்போது ஓடுகிறதா. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் (போர் போடும் லாரி) வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ வகுப்பில் ஒருவருக்காவது இருப்பார். அவரை ஒரு மணி நேரம் வரவழைத்தால் எந்த ஆழத்தில் என்ன பாறை, புழுதி எப்போது நிறம் மாறும் என்று சொல்வார். புத்தகத்தில் அது கிடையாது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றியும் கேள்வி வரும். கேலி செய்ய வேண்டாம். பட்டியலில் 'இடம் பார்த்தவர் உண்டா?' என்று இன்னொரு கட்டம் சேர்த்து, பார்த்துப் போட்டதில் எத்தனை தேறியது, பார்க்காமல் போட்டதில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் மார்ச் 22-ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. அங்கே பிள்ளைகள் ஐந்து நிமிடம் பேச, ஊராட்சித் தலைவரிடம் இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியர் பேசி நேரம் வாங்க வேண்டும். ஒரே ஒரு சார்ட், கிணற்றுக் கோடும் மழையும். கோரிக்கை இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டும் ஊராட்சியால் முடிந்ததாக இருக்க வேண்டும். பள்ளத்தில் கோழிக்கடைக் கழிவு கொட்டும் இடத்துக்கு வேலி, செத்த போருக்கு மூடி இந்த வகை. 'ஆற்றைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்டால் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது, 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நிலை ஏன் வந்தது என்பதெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் தனியாக எடுக்க வேண்டிய பாடம். ஊர்க் கூட்டத்தில் கலக்க வேண்டாம்.

பெரும்பாலான பள்ளிகளில் இது நின்றுபோவது ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போதுதான். நோட்டு ஆசிரியரிடம் இல்லாமல் பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். எட்டாம் வகுப்பு அளக்கும்போது ஏழாம் வகுப்பிலிருந்து இருவர் கூடவே போக வேண்டும். ஜூனில் டேப் அவர்கள் கைக்கு வரும். கோடை விடுமுறை இரண்டு மாத அளவைக் கிணற்றருகே வீடு உள்ள ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் கேட்டுப்பாருங்கள். மே மாத அளவு இல்லாவிட்டால் கிணறு எவ்வளவு கீழே போனது என்பதே தெரியாமல் போகும். சுவருக்கு வெள்ளையடித்தால் அம்புக்குறியை அன்றே மறுபடி போடுங்கள். சுவரை இடித்து உயர்த்திக் கட்டினால், பழைய குறிக்கும் புதிய குறிக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டு தண்ணீர் அரை மீட்டர் கீழே போய்விட்டதாக அடுத்த வகுப்பு எழுதும்.